கடைசி வேகன் வரை: ரயில் படமெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ரயில் ரசிகர்களுக்கும் ரயில் படமெடுப்போருக்கும்,



சென்னையில் தண்டவாளத்தின் மேல் முதலில் ஓடியது கல் ஏற்றிய வண்டி. நகரத்துச் சாலை வேலைக்குச் செங்குன்றம் பக்கத்திலிருந்து செம்புரைக்கல் கொண்டுவர 1837இல் அந்தப் பாதை இயங்கியது. ஆர்தர் காட்டனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வேலைகளில் அதுவும் ஒன்று. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் பயணிகள் ரயில் கிளம்பியது 1856 ஜூலை 1ஆம் தேதி. கல்லுக்குப் பிறகு மனிதர் ஏற 19 ஆண்டுகள் ஆயின.

இன்றும் ரயில்வேயின் அடுப்பு எரிவது சரக்கால்தான். 2024-25 நிதியாண்டில் இந்திய ரயில்வே ஏற்றிய சரக்கு 160 கோடி டன்னைத் தாண்டியது. அதில் ஏறக்குறையப் பாதி நிலக்கரி. பயணிகள் கட்டணத்தில் விழும் துண்டை ஈடுகட்டுவது சரக்குக் கட்டணம். அப்படியிருந்தும் ரசிகர்களின் படச் சேகரிப்பைப் புரட்டினால் வந்தே பாரத்தும் எக்ஸ்பிரஸ்களும் நீலகிரி மலை ரயிலும் பக்கம் பக்கமாக வருகின்றன. கூட்ஸ் வண்டி வந்தால் கேமரா கீழே இறங்கிவிடுகிறது. எடுப்பவர்களும் எஞ்சின் கடந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் வரும் 600 மீட்டர் வண்டி படமே இல்லாமல் போய்விடுகிறது. அந்த 600 மீட்டருக்காகத்தான் இந்த மடல்.

ஒரே ரகமான வேகன்களைக் கோத்த தொகுதியை ரேக் என்கிறார்கள். இப்போதைய கூட்ஸ் வண்டிகளில் பெரும்பாலானவை ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் முழு ரேக்குகள். ரேக்கின் நீளம் எஞ்சினின் வலுவை மட்டும் பொறுத்தது அல்ல, வழியில் உள்ள நிலையங்களின் லூப் லைனையும் பொறுத்தது. வேகமான வண்டிக்கு வழிவிட ஒதுங்கும்போது கூட்ஸ் முழுவதும் லூப்புக்குள் அடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வால் மெயின் லைனில் நீட்டிக்கொண்டு நிற்கும். லூப்பின் வழக்கமான அளவு 686 மீட்டர். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் ஒன்று, கப்ளிங்கோடு சேர்த்து, 10.7 மீட்டர். 58 வேகன் கோத்தால் 621 மீட்டர். முன்னால் இரண்டு எஞ்சினும் பின்னால் கார்டு அமரும் ஒரு பிரேக் வேனும் சேர்ந்தால் 680 மீட்டரை நெருங்கிவிடும். ரயில்வே கேட்டில் நிற்கும் சிறுவர்கள் வேகன் எண்ணும்போது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

வேகன் ரகங்களைப் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் கூட்ஸ் பார்ப்பதன் சுவை பல மடங்காகிறது. பாக்ஸ்-என் என்பது மேலே திறந்த உயரமான இரும்புத் தொட்டி. பெயரின் முதல் எழுத்து போகி வைத்த வேகன் என்பதையும், நடுப்பகுதி திறந்த வேகன் என்பதையும், கடைசி ‘என்’ காற்று பிரேக்கையும் குறிக்கும். நிலக்கரியும் இரும்புத் தாதும் இதில்தான் போகின்றன. இதன் அடுத்த தலைமுறை பாக்ஸ்-என்-எச்எல். எடை குறைந்த துருப்பிடிக்காத எஃகு உடம்பு, கூடுதல் சுமை. புதிதாக வந்த ரேக் காலை வெயிலில் வெள்ளியாக மின்னும். ஓரிரு வருடம் நிலக்கரி சுமந்த பிறகு அதே ரேக் கன்னங்கரேலென்று வரும். ஒரே ரகத்தை இரு வயதில் எடுத்த படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுவே ஒரு நல்ல தொகுப்பு.

அடியில் கதவு திறந்து கொட்டும் ஹாப்பர் வேகன்கள் அனல் மின் நிலையங்களுக்கு உரியவை. அழுத்தக் காற்றால் கதவு திறக்க, தண்டவாளத்துக்குக் கீழே உள்ள குழியில் நிலக்கரி தானாக இறங்கிவிடும். இதே குடும்பத்தில் பக்கவாட்டில் ஜல்லி கொட்டும் ஹாப்பரும் உண்டு. தண்டவாளப் பராமரிப்புக்கு வரும் ஜல்லி வண்டி எப்போதாவதுதான் கண்ணில் படும். பட்டால் விடக்கூடாது.

மூடிய வேகன் பிசிஎன் குடும்பம். அரிசி, நெல், கோதுமை, உரம், சிமென்ட் என்று நனையக்கூடாத எல்லாம் இதில் பயணிக்கும். பழைய பிசிஎன் ரேக் 42 வேகன் கொண்டது. பிந்தைய பிசிஎன்-எச்எல் வேகன் நீளம் குறைந்தது, ஆகவே ரேக்கில் 58 வரை கோக்கிறார்கள். பெட்ரோல், டீசல் செல்லும் டேங்கர் ரேக்கில் ஐம்பதை ஒட்டி வேகன்கள் இருக்கும். சமையல் வாயு டேங்கர்கள் நீளமானவை, எண்ணிக்கை குறைவு. கன்டெய்னர் வேகன்களில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அவை ஐந்து ஐந்தாகப் பிணைக்கப்பட்டவை. ஐந்து வேகன் கொண்ட கூட்டத்தின் இரு முனையில்தான் வழக்கமான கப்ளிங், நடுவில் நிரந்தரமான இணைப்புக் கம்பி. முழு ரேக்கில் 45 வேகன், 20 அடிக் கன்டெய்னராக இருந்தால் 90 ஏறும். கப்பல் நிறுவனங்களின் சிவப்பு, நீலம், பச்சை, ஆரஞ்சு நிறப் பெட்டிகள் முறையின்றி அடுக்கி வருவதால் ஒரு ரேக்கைப் போல மறு ரேக் இருப்பதில்லை. வண்ணப்படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

கார் வண்டிகள் தனிக் கதை. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் ஆயுள் முடிந்த பயணிகள் பெட்டிகளின் ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, முனைகளில் கதவு வைத்துக் கார் ஏற்றும் வேகனாக மாற்றுகிறார்கள். என்எம்ஜி என்று எழுதியிருக்கும். பெரம்பூரில் பிறந்து மனிதரைச் சுமந்து ஓய்ந்த பெட்டி, காரைச் சுமந்து இன்னொரு சுற்று ஓடுகிறது. செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் உள்ள வாலாஜாபாத்தில் இந்த ரேக்குகள் நின்று கார் ஏற்றுவதைப் பார்க்கலாம். கார்கள் ரேக்கின் ஒரு முனையில் ஏறிப் பெட்டிக்குப் பெட்டி பாலம் போட்டதுபோல உள்ளேயே ஓடி மறுமுனை வரை செல்லும். காருக்கென்றே புதிதாகச் செய்யப்படும் இரட்டைத் தட்டு வேகன்கள் இந்தப் பழைய பெட்டிகளின் இடத்தை மெல்லப் பிடித்து வருகின்றன. என்எம்ஜி ரேக்கைப் படமெடுக்க வேண்டியது இப்போதுதான்.

வேகனின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் பலரும் அலங்காரம்போலக் கடந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வேகனுக்கும் 11 இலக்க எண் உண்டு. உதாரணத்துக்கு 10061234566 என்ற எண்ணை வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு இலக்கம் வேகன் ரகம். 10 முதல் 29 வரை திறந்த வேகன்கள், முப்பதுகள் மூடிய வேகன்கள், நாற்பதுகள் டேங்கர்கள். அடுத்த இரண்டு இலக்கம் எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பதைச் சொல்லும். 06 என்றால் தெற்கு ரயில்வே. அதற்கடுத்த 12, வேகன் செய்யப்பட்டது 2012 என்பதற்கு. பிறகு வரும் 3456 வரிசை எண். கடைசியில் நிற்கும் 6 சரிபார்க்கும் இலக்கம். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. முதல் பத்து இலக்கங்களில் இரட்டை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டினால் 18. அதை மூன்றால் பெருக்க 54. ஒற்றை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டினால் 10. மொத்தம் 64. அடுத்த முழுப் பத்தான 70க்கு எட்ட வேண்டியது 6. நிலக்கரித் தூசு ஏதாவது ஓர் இலக்கத்தை மறைத்திருந்தாலும் இந்தக் கணக்கால் அதை மீட்டுவிடலாம். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி ஒரு ரேக்கின் எண்களை வரிசையாகப் படித்தால் அதில் எத்தனை ரயில்வேக்களின் வேகன்கள் கலந்திருக்கின்றன, எது மூத்தது, எது இளையது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் வெறும் எடை, ஏற்றக்கூடிய சுமை, கடைசியாக முழுப் பராமரிப்பு நடந்த பணிமனை, தேதி, மீண்டும் பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதி ஆகியவை பெயின்டில் எழுதப்பட்டிருக்கும். யார்டு ஊழியர்கள் சாக்பீஸால் கிறுக்கிய குறிப்புகளும் உண்டு. அடுத்த மழைவரைக்கும்தான் அவற்றுக்கு ஆயுள். லூப்பில் நிற்கும் ரேக்கைப் பிளாட்பாரத்திலிருந்தே நிதானமாக எடுக்க இவை நல்ல பொருள்.

எஞ்சின்களைப் பற்றி ரசிகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது அதிகம் இல்லை. டபிள்யூஏஜி-7இன் 5000 குதிரைத்திறனும், 1996இல் வந்த டபிள்யூஏஜி-9இன் 6120 குதிரைத்திறனும், பீகாரின் மதேபுராவில் செய்யப்படும் 12,000 குதிரைத்திறன் இரட்டை எஞ்சின் டபிள்யூஏஜி-12பியும் எல்லோருக்கும் மனப்பாடம். பலர் கவனிக்காதது பக்கவாட்டில் எழுதியிருக்கும், எஞ்சினைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயர். பயணிகள் எஞ்சின் பெரும்பாலும் குறிப்பிட்ட தடத்திலேயே போய்வரும். கூட்ஸ் எஞ்சின் கிடைத்த ரேக்கோடு நாடெங்கும் அலையும். ஜோலார்பேட்டையில் அரக்கோணம், ஈரோடு எஞ்சின்களுக்கு நடுவில் லாலாகுடா, பிலாய், கோமோ என்று எழுதிய எஞ்சின் நிற்கும்.

ஓசையையும் சேர்த்தே ரசிக்க வேண்டும். நின்ற கூட்ஸ் கிளம்பும் நேரத்தில் பக்கத்துப் பிளாட்பாரத்தில் இருப்பவர் பாக்கியசாலி. எஞ்சின் ஓரடி நகரும்போது முதல் கப்ளிங்கின் தளர்ச்சி இழுபட்டு ‘டக்’ என்கிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்த ஓசை வேகன் வேகனாகப் பின்னோக்கி ஓடிவந்து, ஆளைக் கடந்து, அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிரேக் வேனில் போய் முடியும். அப்போதுதான் வால் அசைகிறது. டபிள்யூஏஜி-7 வேகம் எடுக்கும்போது டேப் சேஞ்சரின் தட்டல் கேட்கும். டபிள்யூஏஜி-9 மின்னணு ராகமாக இழுக்கும். 16 சிலிண்டர் ஆல்கோ டீசலின் அடித்தொண்டை முழக்கம் பாதைகள் மின்மயமானதால் அருகிக்கொண்டே வருகிறது. ஒலிப்பதிவு இல்லாமல் படம் மட்டும் எடுப்பவர் பாதியை விட்டுவிடுகிறார்.

பயணிகள் ரயிலுக்கு அட்டவணை உண்டு, கூட்ஸுக்குப் பொதுமக்கள் அறியும் அட்டவணை கிடையாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் கூட்ஸ் பார்ப்பதை ஒரு கலையாக்குவது இதுதான். வழித்தடத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஹோம் சிக்னலில் மஞ்சளோடு சாய்வாக வெள்ளை விளக்குகள் எரிந்தால் வருகிற வண்டி மெயின் லைனைவிட்டுப் பிரிந்து வருகிறது, அது ஒதுங்கப்போகும் கூட்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்பிரஸ் ஒன்று கடந்து சில நிமிடத்தில் லூப்பின் ஸ்டார்ட்டர் சிக்னல் சிவப்பிலிருந்து மாறினால் நின்ற வண்டி கிளம்பப்போகிறது. பாயின்ட்ஸ்மேன் பச்சைக் கொடியோடு வந்து நின்றால் நிற்காமல் போகும் வண்டி நெருங்குகிறது. கொடி காட்டுவதோடு அவர் வேலை முடிவதில்லை. ஓடும் வண்டியில் புகை வருகிறதா, எதுவும் தொங்குகிறதா, கதவு திறந்திருக்கிறதா என்று வேகன் வேகனாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். கூட்ஸ் படங்களில் மனிதர் வருவது அரிது. கொடியோடு நிற்கும் இவரையும், பிரேக் வேன் மேடையிலிருந்து பதில் கொடி காட்டும் கார்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தால் அந்தப் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

பருவமும் வண்டியைச் சொல்லும். குறுவை, சம்பா அறுவடை முடிந்து நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் குவியும் மாதங்களில் தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பிற மாவட்ட அரவை ஆலைகளுக்கு நெல் ரேக்குகள் போகும். ஒரு ரேக்கில் ஏறக்குறைய 2000 டன். கூட்ஸ் ஷெட்டுக்கு வெளியே சாலையோரம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றாகப் பின்வாங்கி வேகன் கதவோடு ஒட்டியதும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டிக்கொண்டு மூட்டையைக் கொக்கியால் குத்தி இழுத்து முதுகில் ஏற்றிக்கொள்வார்கள். பலகையின் மேல் நாலு எட்டு, உள்ளே ஒரு திருப்பம், மூட்டை அடுக்கில் விழும். வேகன் கதவின் இருட்டிலிருந்து நெல் தூசு வெயிலுக்குள் புகையாக வெளியே வரும். கீழே சிந்திய நெல்லுக்கு மைனாவும் புறாவும் அடித்துக்கொள்ளும். ரயில் படம் என்றால் ரயில் ஓடவேண்டும் என்று இல்லை. கூட்ஸ் ஷெட் படங்கள் மிகக் குறைவாக இருப்பது தமிழ்நாட்டு ரயில் ரசிகர் உலகத்தின் பெரிய இடைவெளி. கூட்ஸ் ஷெட் பொது இடம் அல்ல என்பதால் கூட்ஸ் கிளார்க்கிடமும், உழைக்கிறவர்களின் முகம் படத்தில் விழுவதால் அவர்களிடமும் கேட்டுவிட்டு எடுப்பது முறை.

நிலக்கரியின் பாதையைத் தொடர்வது இன்னொரு சுவாரசியம். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்து நிலக்கரி ரயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி எண்ணூரில் இறங்கி, மீண்டும் ரயிலேறி மேட்டூர் அனல் மின் நிலையம் சேர்கிறது. கடைசிக் கட்டத்தை மட்டும் ஒரு பருவம் முழுக்கப் படமெடுத்தாலே எண்ணூரின் உப்பங்காற்று, ஜோலார்பேட்டை யார்டு, சேர்வராயன் அடிவாரம், சேலம், மேட்டூர் அணை என்று ஒரு முழுக் கதை கிடைக்கும். பொம்மிடிக்கும் சேலத்துக்கும் நடுவில் லோகூர் பக்கம் மேடும் வளைவும் காடுமாக இருப்பதால் சுமையோடு வரும் வண்டி திணறி ஏறும். தமிழ்நாட்டில் கூட்ஸ் படத்துக்கு அதைவிட நல்ல இடத்தைச் சொல்வது கடினம். கேரள எல்லையில் உள்ள வாளையார் கணவாயும், காற்றாலைகள் பின்னணியில் நிற்கும் ஆரல்வாய்மொழியும் அடுத்தபடி. அரியலூரும் டால்மியாபுரமும் சிமென்டுக்கு, தண்டையார்பேட்டையும் இருகூரும் எண்ணெய் டேங்கர்களுக்கு.

அபூர்வமான வண்டிகளும் உண்டு. 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வந்தது. ஏரிகள் வற்றிய அந்தக் கோடையின் வரலாற்றை எழுதுபவருக்கு அந்த ரேக்கின் படம் ஆவணம். அன்றைக்கு அதை ஊரே எடுத்தது. வழக்கமாக அதே தடத்தில் ஓடும் டேங்கர் ரேக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாநிலத்துக்கு வெளியே போக வாய்ப்புள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கொத்தவலசா–கிரந்துல் பாதை. பைலாடிலா இரும்புத் தாதை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு அனுப்ப 1960களில் போடப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஐம்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்களைத் துளைத்து, சிமிலிகுடாவில் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தைத் தொட்டு இறங்குகிறது. செம்மண் நிறத் தாது ஏற்றிய ரேக் பச்சை மலையைச் சுற்றி வரும் காட்சிக்கு ஈடு இல்லை. கோவா எல்லையில் காசில் ராக்–குலெம் இறக்கத்தில் 37 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு. துறைமுகத்திலிருந்து நிலக்கரியோடு ஏறும் வண்டியைப் பின்னாலிருந்தும் எஞ்சின்கள் தள்ளும். இப்படித் தள்ளும் எஞ்சினுக்கு பேங்கர் என்று பெயர். கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் சரக்கு லாரிகளே வேகன் மேல் ஏறிப் பயணம் செய்கின்றன, ஓட்டுநர் தம் லாரிக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறார். மேற்குச் சரக்கு வழித்தடத்தில் மின்கம்பியை 7 மீட்டருக்கும் மேலே உயர்த்திக் கட்டியிருப்பதால் கன்டெய்னர் மேல் கன்டெய்னர் வைத்து மின்சார எஞ்சின் இழுக்கிறது. ரேவாரி–மதார் பகுதி 2021 ஜனவரியில் திறக்கப்பட்டபோது ஓடிய அப்படிப்பட்ட வண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். 2022 சுதந்திர நாளன்று கோர்பாவிலிருந்து ராஜ்நந்த்காவுக்கு ஆறு எஞ்சினும் 295 வேகனுமாக ஓடிய ‘சூப்பர் வாசுகி’ மூன்றரைக் கிலோமீட்டர். அதை ஒரே படத்தில் அடக்கக் குன்றின் உச்சிதான் வேண்டும்.

இனி வெளிச்சம். வேகனின் பக்கச் சுவர் செங்குத்தானது, நிறம் மங்கலானது. சூரியன் உச்சியில் இருந்தால் அதில் ஒளி விழாது, எழுத்து தெரியாது. தெற்கு வடக்காகப் போகும் சென்னை–விழுப்புரம் போன்ற பாதையில் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் போதும். திருச்சி–தஞ்சாவூர் போலக் கிழக்கு மேற்காகப் போகும் பாதையில் மாதத்தைப் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பக்கம் நாள் முழுக்க நல்ல வெளிச்சம். சென்னைக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும், அப்போது வடக்குப் பக்கம் நிற்பதே சரி. மேகம் மூடிய ஆடி மாதத்து மதியம் கூட்ஸுக்கு அருமையான நேரம். நிழல் விழாது, துருவின் நிறங்களெல்லாம் எழும்பி வரும்.

70 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 19 மீட்டர் கடக்கிறது. 1/1000 நொடி ஷட்டரில் 2 சென்டிமீட்டர் மட்டும் நகரும், எண்கள் தெளிவாக விழும். 1/250இல் 8 சென்டிமீட்டர், எழுத்து இழுபட்டுவிடும். எதிரே சாய்வாக வரும் எஞ்சினுக்கு 1/500 போதும். வேகன் எண் வேண்டுமென்றால் 1/1000க்குக் கீழே இறங்கக்கூடாது. வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுப்பதற்கு 1/60 நல்லது, டேங்கர் ரேக்கின் உருண்ட வடிவுக்கு அது மிகவும் பொருந்தும். ரேக்கின் நீளத்தைக் காட்ட இரு வழிகள். வளைவின் உட்பக்கம் தள்ளி நின்று 200 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸில் எடுத்தால் வேகன்கள் அடுக்கு அடுக்காக நெருங்கித் தெரியும். அல்லது மேம்பாலத்தின் மேலிருந்து அகல லென்ஸில் வயலையும் வானத்தையும் சேர்த்து எடுக்கலாம். மேலிருந்து எடுக்கும்போதுதான் திறந்த வேகனின் சுமையும் தெரியும். மின்கம்பங்கள் நேர்ப்பாதையில் 72 மீட்டர் வரை இடைவெளி விட்டு நிற்கின்றன. எஞ்சினின் முகம் இரண்டு கம்பத்துக்கு நடுவே வரும் கணத்துக்குக் காத்திருப்பதே பாதித் திறமை.

கூட்ஸ் படம் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஓ. வின்ஸ்டன் லிங்க் சாட்சி. 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை, தாமே அமைத்த விளக்குகளால் இரவில் எடுத்தவர். 1956இல் வெஸ்ட் வர்ஜீனியாவில் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றுக்குப் பின்னால் சரக்கு வண்டி விரைவதை எடுத்தார். முன்னால் காருக்குள் ஓர் இளம் ஜோடி, திரையில் ஒரு விமானம், வலது மூலையில் புகை கக்கும் கூட்ஸ். விளக்கு வெள்ளத்தில் திரைக் காட்சி அழிந்துபோனதால் விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து சேர்த்தார். அவருடைய படங்களில் வீட்டுத் திண்ணை, பெட்ரோல் பங்க், நீச்சல் குளம் எல்லாம் வரும். வண்டியோடு வாழ்ந்த ஊரையும் சேர்த்து எடுத்ததால்தான் ரயிலில் ஆர்வமில்லாதவர்களும் இன்று அவற்றைப் பார்க்கிறார்கள். இங்கே ஓடும் வண்டியை நோக்கி ஃப்ளாஷ் அடிக்கக்கூடாது. லோகோ பைலட்டின் கண் கூசும், சிக்னல் தவறும் ஆபத்து உண்டு. லிங்க்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது திண்ணையும் ஊரும்.

பாதுகாப்பு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாக வேண்டும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை, 2 மீட்டருக்குள் போனாலே மின்சாரம் பாயலாம். நின்றிருக்கும் டேங்கர், வேகன் மேல் ஏறிப் படமெடுக்கப் போய் இளைஞர்கள் கருகிச் செத்திருக்கிறார்கள். ஒரு லைனில் கூட்ஸ் கடக்கும் இரைச்சலில் மறு லைனில் வரும் எக்ஸ்பிரஸின் ஓசை காதில் விழாது. தண்டவாளத்தின் மேலோ ஓரத்திலோ நின்று எடுப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறல், ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிளாட்பாரத்தில் நிற்க பிளாட்பாரம் டிக்கெட் வேண்டும். நிலைய மேலாளரோ ரயில்வே போலீஸோ நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும், வாதாடக்கூடாது. அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக்கூடாது. மேம்பாலம், நடைமேம்பாலம், பிளாட்பாரம், கேட்டுக்கு வெளியே உள்ள சாலை, தண்டவாளத்தைவிட்டு நன்றாக விலகிய வயல் வரப்பு ஆகியவை எல்லாவற்றுக்கும் போதுமானவை. மேலே சொன்ன எந்தப் படத்துக்கும் வேலியைத் தாண்ட வேண்டியதில்லை.

இந்த மடலின் அவசரத்துக்குக் காரணம் அகலப் பாதையாக மாற்றப்பட்டு மறைந்த மீட்டர் கேஜ் பாதை. தென் தமிழகமும் டெல்டாவும் பல தலைமுறை அதை நம்பி வாழ்ந்தன. சென்னை கடற்கரை–விழுப்புரம் மீட்டர் கேஜில் ஜப்பானில் செய்த ஒய்ஏஎம்-1 மின்சார எஞ்சின்கள் ஓடின. அந்த எஞ்சின்களுக்கும் பயணிகள் வண்டிகளுக்கும் படம் கிடைக்கிறது. அவை இழுத்த நான்கு சக்கர வேகன்களுக்கும் மூட்டை ஏறிய சின்னஞ்சிறு கூட்ஸ் ஷெட்டுகளுக்கும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் போனதும் கேமரா இறங்கியதன் விலை அது. இப்போது போய்க்கொண்டிருப்பது பிரேக் வேன். ரேக்கின் கடைசியில் மேடையும் கைப்பிடியுமாக, கார்டு தனியே உட்கார்ந்து இரவு பகலாகப் போகும் அந்தப் பெட்டிக்குப் பதிலாகக் கடைசி வேகனில் ஒரு மின்னணுக் கருவியைப் பொருத்திக் கார்டை எஞ்சினுக்கு மாற்றும் ஏற்பாடு சில வண்டிகளில் வந்துவிட்டது. கார்டு என்ற பதவிப் பெயரே 2022 ஜனவரியில் டிரெயின் மேனேஜர் என்று மாறிவிட்டது. பிரேக் வேனும், கடைசி வண்டி என்பதைக் காட்ட அதன் பின்னால் தொங்கும் ‘எல்வி’ பலகையும், சிவப்பு விளக்கும் இனி வரும் ஒவ்வொரு ரேக்கிலும் எடுக்கப்பட வேண்டியவை.

எடுத்ததைப் பதிவு செய்யும் முறைக்கு வந்தால், தேதியும் நேரமும் கேமராவே எழுதிவிடுகிறது. மற்றதைக் கையால் சேர்க்க வேண்டும். இடத்தைக் குறிப்பதற்கு மின்கம்பத்தின் எண் பலகை உதவும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஐம்பது வருடம் கழித்தும் அதே புள்ளியில் ஒருவர் வந்து நிற்கலாம். வண்டி போன திசை, எஞ்சின் எண், ஷெட், வேகன் ரகம், எண்ணிக்கை, ஏற்றியதா காலியா, தெரிந்தால் சரக்கும் சேரும் இடமும் குறிப்பில் இருக்க வேண்டும். ஒரு ரேக்குக்கு எஞ்சின், நடு வேகன் ஒன்றின் எண் தெரியும் அண்மைப் படம், கப்ளிங், பிரேக் வேன் என நாலு படமாவது வேண்டும். படத்தின் மேல் பெரிய எழுத்தில் பெயர் பொறிப்பதைத் தவிர்த்தால் நல்லது, அது விழும் இடம் பெரும்பாலும் வேகன் எண்ணின் மேல்தான். அசல் கோப்பை இரண்டு இடத்தில் வைத்து, ஒரு பிரதியை இன்னொரு ரசிகரிடம் கொடுத்துவைப்பது பாதுகாப்பு.

அன்புடன்,
கூட்ஸ் வண்டி ரசிகர் ஒருவர்